மேற்குக் காலுக்கு அடியில் ஒரு தகரம்

முதலில் தப்புச் செய்தது கிட்டுசாமி. அதை யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் ஆறுக்குட்டி ஒப்புக்கொள்ள மாட்டார். கிட்டுசாமி என்பவர் ஆறுக்குட்டியின் மனைவி தெய்வாத்தாளோடு கூடப்பிறந்த அண்ணன், கோயமுத்தூர்ப் பக்கம் பாலக்கிணற்று வீதியின் மேற்குக் கோடியில் வீடும் வீட்டுக்கு முன்னால் லேத் பட்டறையும் வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில், கை நகத்தில் மருதாணி கூடப் போகாத நாளில், லேத் பழகிக்கொள்கிறேன் மச்சான் என்று போய் நின்ற ஆறுக்குட்டியிடம் அவர் ஒரு சாண் நீள இரும்புக் கம்பியைக் கொடுத்து, இதைத் தண்டாகக் கடைந்து காட்டுங்கள் என்றார். கடைந்த தண்டு ஒரு முனை தடித்தும் மறு முனை சன்னமாகவும் வந்தது. முதல் வேலை யாருக்கும் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், இல்லை சும்மா தூக்கிப் போட்டிருக்கலாம், அதுவும் இல்லையென்றால் வைதிருக்கலாம். கிட்டுசாமி அந்தத் தண்டை எடுத்துக்கொண்டு போய், பட்டறை வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்துக்கும் பச்சைமிளகாய்க்கும் நடுவில் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார்.

"எங்க மாப்ள கடைஞ்சது. இதப் பாத்தா இனி எவன் கண்ணும் நம்ம பட்டறை மேல படாது" என்றார்.

பட்டறையே சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவரின் முகமும் ஆறுக்குட்டிக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, யார் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், யார் மூடாமல் சிரித்தார்கள் என்பது உட்பட.

அதற்குப் பிறகு அவர் லேத்தைத் தொடவில்லை. ஒரு பவுண்டரியில் லோடுமேனாகச் சேர்ந்து, மற்றவர்கள் கடைவதற்கான இரும்பைத் தோளில் சுமந்தே வயதாகிப் போனார். மச்சான் வீட்டு விசேஷங்களுக்குப் போனார், பந்தியில் உட்கார்ந்தார், மொய் வைத்தார், சம்பந்தம் பேசும்போது சபையில் இருந்தார், ஆனால் உள்ளே ஒன்று ஆறாமலே இருந்தது. அவருக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. காலில் விழ வேண்டியதும் இல்லை. ஒழுங்காகக் கடைந்த ஒரு தண்டைக் கிட்டுசாமியின் கையில் கொடுக்க வேண்டும், கிட்டுசாமி தன் வாயால் நாலு பேர் கேட்க "நேரா இருக்குது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத்தான் கிட்டுசாமி அவருக்குத் தர வேண்டியிருந்தது.

பவுண்டரியை மூடியபோது, அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னார். ஒருவர் சீலிங் பேன் எடுத்தார், ஒருவர் இரும்பு பீரோ எடுத்தார், மற்றொருவர் முதலாளியின் சுழல்நாற்காலியையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார். ஆறுக்குட்டி சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சின்ன லேத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, அதே பாலக்கிணற்று வீதியில் தன் வீட்டில் முன்பு ஆடு கட்டியிருந்த கொட்டகையில் இறக்கினார்.

தெய்வாத்தாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, ஊரே பீரோ கொண்டுட்டுப் போவுது. நீங்க என்னமோ கெழட்டு எருமையக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க."

"எருமைன்னா பால் கேப்பே. இது எனக்கு மட்டும் கறக்கும்" என்றார் ஆறுக்குட்டி.

அது லேசில் கறக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகியது, கம்பியைப் பிடிக்கும் சக் அசையவில்லை. பெல்ட் தொங்கிப் போயிருந்தது, இழுத்துக் கட்டினார். சக் சுற்றியது, ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. ஒயரை மாற்றிக் கொடுத்தார். பிறகு இரும்பைச் சீவும் டூல் கீச்சென்று கத்தி, கம்பி மேல் மீன் செதில் போல வரி வரியாக வந்தது. மனைவியின் செல்போனில், இந்தி பேசும் ஒரு தலைப்பாகைக்காரர் லேத் ஓட்டிக் காட்டும் வீடியோவைப் பார்த்தார். ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் அந்த ஆளின் கையைப் பார்த்தார், டூல் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது புரிந்தது, உள்ளே தள்ளினார், கத்தல் நின்றது. அடுத்து, கம்பியின் முகத்தைச் சீவினால் நடுவில் ஒரு மொட்டு மிஞ்சியது. டூல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்து, அடியில் ஒடிந்த பிளேடுத் துண்டை வைத்து ஏற்றினார், மொட்டு போனது. இப்படி ஒவ்வொரு கோளாறாக வெளியேறிப் போக, ஒன்றே ஒன்று மட்டும் போகாமல் உட்கார்ந்துகொண்டது. என்ன கடைந்தாலும் சக் பக்கம் சன்னமாகவும் மறு பக்கம் தடித்தும் வந்தது. பட்டறை வாசலில் தொங்கிய அந்தத் தண்டின் தம்பிகளும் தங்கைகளுமாகக் கொட்டகை மூலையில் குவிந்தன.

தலைப்பாகைக்காரர் ஒரு வீடியோவில் லேத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஆறுக்குட்டியும் கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்தார். குமிழி கிழக்கே ஓடியது. ஆடு பெய்தது வடிந்து போகட்டும் என்று கொட்டகைத் தரையை மேற்கே சரித்துப் போட்டிருந்தார்கள், ஆகவே லேத்தின் மேற்குக் கால் தாழ்ந்திருந்தது. இதுதான் சங்கதி என்று சந்தோஷப்பட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவை வெட்டித் தகரத்தை மடித்து, கடப்பாரையால் நெம்பி, மேற்குக் காலுக்கு அடியில் செருகினார்.

குமிழி அசையவில்லை. லேத்தும் அசையவில்லை. அது பவுண்டரியில் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்த லேத், ஒரு பிஸ்கட் டப்பாவுக்காக எழுந்து நிற்பதாக இல்லை. ஆனால் தகரம் உள்ளே போய்விட்டது, போன தகரத்துக்கு எங்கேயாவது இடம் வேண்டும், லேத் கொடுக்காததால் வீதி கொடுத்தது. பாலக்கிணற்று வீதி தன் மேற்குக் கோடியைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிக்கொண்டது.

வாசல்களில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே நகர்ந்தன. ஸ்டாண்டு போட்ட சைக்கிள்கள் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தன. கிழக்குக் கோடியில் இட்லி மாவுக் கடை வைத்திருந்த மெஹருன்னிசாவின் வாசலில் காலகாலமாகத் தேங்கிக் கிடந்த சாக்கடை, படுத்திருந்த மாடு எழுந்திருப்பது போல மெல்ல எழுந்து, வீதி நெடுக நடந்து, மேற்கே இருந்த ஓடையில் போய் விழுந்தது. மேற்குக் கோடியில், குழாய் போட்ட நாளிலிருந்து வெறும் காற்றை மட்டுமே இருமிக்கொண்டிருந்த வீடுகளில் தண்ணீர் வந்தது.

யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னமோ வீதி எறங்கியிருக்குதாட்ட இருக்குது" என்றார் ஒருவர். "ஆறுக்குட்டியண்ணன் லேத்துக்குத் தகரம் வெச்சாராமா" என்றார் இன்னொருவர். "அப்படியா, இன்னுங் கொஞ்சம் வெக்கச் சொல்லுங்க, எங்க மாடித் தொட்டிக்கு ஏறல" என்றாள் மேற்கு வீட்டுக்காரி ஒருத்தி, சொல்லிவிட்டுத் துணி அலசப் போய்விட்டாள்.

தெய்வாத்தாள் ஈரக்கையோடு கொட்டகைக்கு ஓடி வந்தாள். "அண்ணன் வீட்டுக் கொழாயில தண்ணி வந்திருச்சுங்க. அண்ணன் ட்ரம்மு முன்னால சேர் போட்டு உக்காந்து பாத்துட்டே இருக்கறாரு, கொழந்தையாட்ட."

ஆறுக்குட்டி கேட்டுக்கொண்டார். கடப்பாரையை எடுத்தார். மேற்குக் காலை நெம்பி, தகரத்தைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். வீதி மறுபடி மேலே ஏறியது, கிட்டுசாமியின் குழாய் ஒரு முறை விக்கிவிட்டு நின்றுபோனது, சாக்கடை வந்த வழியே திரும்பிப் போய் மெஹருன்னிசாவின் வாசலில் உட்கார்ந்தது.

அன்று சோற்றில் உப்பு இல்லை.

"உப்புப் போடலையா?"

"உப்பு மேக்கால போயிருச்சுங்க. தகரம் வெச்சா வரும்."

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவும் இல்லை. மேற்கு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள், கிழக்கு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். மெஹருன்னிசா முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, சித்த நேரம் என் கடை வாசல்ல மாவு வாசம் வந்துச்சு. மாவுக்கு ஒரு வாசம் உண்டுங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. மறுபடி இப்படிப் பண்ணிட்டீங்களே."

"என் லேத்து, என் தகரம்" என்றார் ஆறுக்குட்டி.

கோயில் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்துவும் வந்தார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருப்பவர், இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் நின்று "உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லியே தீர்த்து வைப்பவர். "லேத்து உங்களுதுதானுங்க, யாரு இல்லைன்னா? வீதி எல்லாத்துதுமாச்சே" என்றார்.

"வீதிய நான் தொடல. அதுவா எறங்குச்சு, அதுவா ஏறுச்சு" என்றார் ஆறுக்குட்டி, அதற்கு மேல் ஒரு அங்குலமும் அவர் நகரவில்லை.

அவரை நகர்த்தியது ஒரு செய்தி. தெய்வாத்தாள் அதை அவரிடம் சொல்லவில்லை, பேச்சுவார்த்தை இல்லாததால் லேத்தைப் பார்த்துச் சொன்னாள். "தீவாளிக்கு அண்ணன் மகன் சிவலிங்கம் ஓசூர்ல இருந்து வர்றான். முட்டி வலியோட லாரித் தண்ணிக்கு ஓட முடியலன்னு அவனோட அப்பனக் கையோட கூட்டிட்டுப் போறானாம். வீட்டப் பூட்டிச் சாவியக் குடுத்தர்றாங்களாம். இனி அண்ணன் இந்தப் பக்கமே வர மாட்டாரு. கேட்டுக்க எருமை."

ஆறுக்குட்டியின் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. கிட்டுசாமி ஓசூருக்குப் போய்விட்டால் அந்த வார்த்தையை யார் சொல்வது? ஓசூரிலேயே சொல்லட்டும் என்றாலும் அங்கே யார் காதில் சொல்வது? அங்கே யாருக்கு அந்தத் தண்டைத் தெரியும், அந்த மிளகாயைத் தெரியும்? தர வேண்டியதைத் தராமல் ஒரு ஆள் ஊரை விட்டுப் போகிறான், அவனைப் போக வைப்பது நம் கொட்டகையில் கிடக்கும் ஒரு பிஸ்கட் தகரம் என்றால் இதைவிட மடத்தனம் உண்டா? அவர் குனிந்து தகரத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டி, மேற்குக் காலுக்கு அடியில் முன்பு இருந்ததைவிட ஆழமாகச் செருகினார்.

"மனசு எறங்கிருச்சாட்ட இருக்குது" என்றாள் தெய்வாத்தாள், இந்த முறை அவரைப் பார்த்தே.

"வீதிதான் எறங்குச்சு. எனக்கு ஒண்ணும் எறங்கல."

ஆனால் ஆழமாகச் செருகியதில் மேற்கு அதிகம் இறங்கி, கிழக்குக் குழாய்கள் நூலாக ஒழுகத் தொடங்கின. நாச்சிமுத்து வீதியின் நடுவில் வந்து நின்றார். அன்றிலிருந்து தண்ணீர் விடும் நேரத்தில் அவர் ஒரு விசில் கொடுத்தால் ஆறுக்குட்டி தகரத்தை உருவ வேண்டும், கிழக்கு பிடித்துக்கொள்ளும்; இரண்டு விசில் கொடுத்தால் செருக வேண்டும், மேற்கு பிடித்துக்கொள்ளும்; மழை வந்தால் விசிலுக்குக் காத்திராமல் செருகிவிட வேண்டும், சாக்கடை ஓடைக்குப் போக வேண்டியது முக்கியம். "மேக்க புடிச்சவங்க கொடத்த எடுத்துட்டு உள்ள போங்க, வழி உடுங்க, கெழக்க எடம் இருக்குது" என்று அவர் சத்தம் போட, வீதியே ஒரு டவுன் பஸ்ஸைப் போல முன்னும் பின்னும் சாய்ந்து நிமிர்ந்தது.

வீதி அதற்குப் பழகிக்கொண்டது. தோசை வார்க்கும் பெண்கள் விசில் எண்ணிக்கொண்டு மாவு ஊற்றினார்கள், ஒரு விசிலென்றால் கரண்டியைக் கிழக்கே ஒரு சுற்று, இரண்டென்றால் மேற்கே ஒரு சுற்று, தோசை வட்டமாகவே வந்தது. தொட்டில் பிள்ளைகள் தானாக ஆடித் தூங்கின, பக்கத்து வீதிக்காரர்கள் தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் நேரத்தில் இங்கே வந்தார்கள். இஸ்திரி வண்டிக்காரர் மேற்கே போகும்போது வண்டியைத் தள்ளாமல் அதன் பின்னால் கை வீசி நடந்தார், திரும்பும்போது விசிலுக்காக டீக்கடையில் காத்திருந்தார். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களின் டம்ளர்களில் காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்ததால் நல்ல சகுனம் என்று அங்கேயே பூ வைத்து உறுதி செய்தார்கள். குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது தாங்கள்தான் என்று ஒரு கட்சிக்காரர்கள் பிளக்ஸ் போர்டு கட்டினார்கள். கோணலாகக் கட்டிய போர்டு, தகரம் செருகும்போதெல்லாம் நேராக நின்றது.

எல்லாம் நேரானது, தண்டு மட்டும் ஆகவில்லை. லேத்தின் தலையெழுத்து வீதியின் தண்ணீரோடு போய் மாட்டிக்கொண்டது என்று ஆறுக்குட்டி நினைத்தார். வீதி இறங்கியிருக்கும்போது கடைந்து பார்த்தார், ஏறியிருக்கும்போது கடைந்து பார்த்தார், இரண்டு விசிலுக்கும் நடுவில் கடைந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் சக் பக்கம் சன்னம், மறு பக்கம் தடி. கிட்டுசாமி மேற்கே தினம் ட்ரம் நிறையத் தண்ணீர் பிடித்தார், பிடித்த தண்ணீருக்காக ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை, ஆறுக்குட்டி அதையும் பழைய பாக்கியோடு சேர்த்துக்கொண்டார். சிவலிங்கம் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தெய்வாத்தாள் மண்ணெண்ணெயும் பழைய சேலைத் துணியுமாகக் கொட்டகைக்கு வந்தாள். எருமையானாலும் வீட்டு எருமை, குளிப்பாட்டாமல் பொட்டு வைக்க முடியாது என்றாள். சக்கைத் துடைத்தாள், கைப்பிடிகளைத் துடைத்தாள். கம்பியின் மறு முனையைத் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கை, அது நகரும் இரும்புத் தண்டவாளத்தின் மேல் தள்ளி வைத்துவிட்டு, அது நின்ற இடத்தைத் தேய்த்தாள்.

"ஏனுங்க, இங்க என்ன கல்லாட்டம் ஒட்டியிருக்குது?"

"அதத் தொடாத. அது பவுண்டரியில சாமிக்கு வெச்ச சந்தனம்."

ஆறுக்குட்டி லேத்தின் துருவையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தவர், எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் சுரண்டியவர், ஆனால் பூஜைப் பொட்டு இருந்த இடங்களை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டுவிட்டார். பவுண்டரியில் யாரும் அதை எடுத்ததில்லை. வருஷா வருஷம் பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு, சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் சந்தனம் என்று வைத்துக்கொண்டே போவார்கள். எந்த மிஷினில் பொட்டு கனமாக இருக்கிறதோ அது ராசியான மிஷின் என்று பேர்.

தெய்வாத்தாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "பூசையறையில தெனமும் பழைய பொட்டத் தொடச்சுட்டுத்தான புதுசு வெக்கறேன். எந்தச் சாமியும் ஏன் தொடச்சேன்னு கேட்டதில்ல. மூஞ்சி கழுவாம பொட்டு மேல பொட்டு வெச்சா மனுசனுக்கே கண்ணு தெரியாது. இந்த எருமைக்கு மட்டும் தெரியுமாக்கும்."

ஆறுக்குட்டி குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். சந்தனம் தண்டவாளத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் மேடு கட்டியிருந்தது, டெயில்ஸ்டாக் அந்த மேட்டின் மேல் ஏறி, ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது, அதனால் அது பிடிக்கும் கம்பியும் ஒதுங்கியே நின்றது. அவர் கை கூப்பினார், பிறகு கத்தியை எடுத்துச் சுரண்டினார். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று வெங்காயத் தோல் போல உரிந்தது, ஒவ்வொரு தோலுக்கும் அந்தந்த வருஷத்துப் பொரியும் வாழைப்பழமும் மணத்தன. கடைசித் தோல் உரிந்தபோது கொட்டகை முழுக்கக் கற்பூர வாசம் வந்து போனது.

கம்பியைப் பூட்டிக் கடைந்தார். தடிமன் அளக்கும் வெர்னியரை இந்த முனையில் வைத்தார், அந்த முனையில் வைத்தார், மறுபடி இந்த முனையில் வைத்தார். வெளியே இரண்டு விசில் கேட்டது, தகரத்தைச் செருகிவிட்டு இன்னொன்று கடைந்தார். ஒரு விசில் கேட்டது, உருவிவிட்டு மற்றொன்று கடைந்தார். வீதி எப்படிச் சாய்ந்தாலும் தண்டு ஒரே தடிமனாக வந்தது. அவர் ஆட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார், தெய்வாத்தாள் தண்டை வாங்கி விரலால் உருவிப் பார்த்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேற்கே நடந்தார். தெய்வாத்தாள் கூடவே போனாள். நாச்சிமுத்துவை வரச் சொன்னார், மெஹருன்னிசாவையும் வரச் சொன்னார், எதற்கென்று தெரியாமல் இன்னும் நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். பட்டறையை எப்போதோ மூடிவிட்ட கிட்டுசாமி வாசலில் ட்ரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ள, வா தெய்வா, எல்லாரும் வாங்க. தண்ணி குடிங்க, இப்பப் புடிச்சதுதான்."

ஆறுக்குட்டி குடிக்கவில்லை. தண்டை நீட்டினார்.

கிட்டுசாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டினார். திருப்பிப் பிடித்து மறுபடி ஓட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எந்த லேத்துல கடைஞ்சது?"

"என்ற லேத்துல. டெயில்ஸ்டாக்குக்கு அடியில பூசைச் சந்தனம் கல்லாயிக் கெடந்துச்சு. சொரண்டுனேன், செரியாயிருச்சு."

கட்டைவிரல் நின்றது. "சந்தனமா?"

"ஆமாங்க மச்சான். உங்க லேத்துல அந்தப் பொட்டத் தொடைப்பீங்களா?"

"அது எங்கய்யன் வெச்ச பொட்டு. அவரு கை பட்டதுன்னு நான் ஒரு நாளும் தொட்டதில்ல. அதுக்கு மேலதான் நானும் வெச்சேன்."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி நேரா வந்துச்சு?"

கிட்டுசாமி பதில் சொல்ல வாய் திறந்தார், அதற்குள் அவருடைய வலது கை தானாக எழுந்தது. அங்கே இல்லாத ஒரு லேத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றியது. சுற்றிக்கொண்டே வந்து, கடைசிக்கு வரும்போது மணிக்கட்டு ஒரு சிட்டிகை உள்பக்கமாக மடங்கி அமுக்கியது. அவர் அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தார். மறுபடி சுற்றினார், மறுபடி கடைசியில் அமுக்கியது. வந்திருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"கடைசில, தடிக்கற முனையில, சித்த அமுக்கறேனாட்ட இருக்குது" என்றார் மெதுவாக.

"இத அன்னிக்கு எனக்குச் சொல்லலையே."

"அமுக்கறேன்னு எனக்கே தெரியாது மாப்ள. இப்ப நீங்க கேட்டதுக்குத்தான் கை சொல்லுது."

மெஹருன்னிசா முக்காட்டைச் சரிசெய்தாள். "அப்ப ஆறுக்குட்டியண்ணன் கை கோணல் இல்ல. லேத்துதான் கோணல்."

"சித்த இரும்மா. சொல்ல வேண்டியவரு சொல்லட்டும்" என்றார் நாச்சிமுத்து, விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு.

எல்லோரும் கிட்டுசாமியின் வாயைப் பார்த்தார்கள். கிட்டுசாமி தண்டைப் பார்த்தார், ஆறுக்குட்டியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அந்த நேரம் ட்ரம் நிறைந்து தண்ணீர் வழிந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் குழாயை மூடினார், ட்ரம்முக்கு மூடி போட்டார், மூடியின் மேல் ஒரு செங்கல்லும் வைத்தார், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார். திரும்பி வந்தபோது தண்டு அவருடைய சட்டைப் பையில் போயிருந்தது.

"இதே மாதிரி இன்னொண்ணு கடைஞ்சு குடுங்க மாப்ள. தோட்டத்து மோட்டாருக்கு ஒரு ஷாப்ட் போடணும். ஒண்ணும் அவசரமில்ல, தை மாசத்துக்குள்ள ஆனாப் போதும்."

தெய்வாத்தாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் தை மாசம், தை மாசம் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாச்சிமுத்து, தான் ஊத வேண்டியது ஒன்றா இரண்டா என்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆறுக்குட்டி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கிட்டுசாமி காப்பி போடட்டுமா என்று கேட்டார், ஓசூரில் குளிர் அதிகமாம் என்று சொன்னார், இந்த வருஷம் மழை பரவாயில்லை என்று சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேசும்போதெல்லாம் சட்டைப் பையை மேலாகத் தடவிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் ஆறுக்குட்டி வெள்ளைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனார். மேற்குக் காலுக்கு அடியில் தகரம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சுத்தியலால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினார். மேற்கே எங்கோ ஒரு குழாய் பலமாகக் கொட்டும் சத்தம் கேட்டது. கொட்டட்டும். அந்த வீட்டில் தண்ணீருக்கு ஒரு நாளும் குறை வரக் கூடாது, அந்த ஆளுக்கு இந்த வீதியை விட்டுப் போக ஒரு காரணமும் கிடைத்துவிடக் கூடாது.

"தை மாசம்னு சொன்னாரே, கேட்டீங்ளா?" என்றாள் தெய்வாத்தாள் வாசலில் நின்றபடி. "சிவலிங்கம் எடுத்த டிக்கெட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லப் போறாராம். அப்பறமும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க?"

ஆறுக்குட்டி புதுக் கம்பி ஒன்றை எடுத்துச் சக்கில் பூட்டி, சாவியால் இறுக்கினார்.

"அந்த வார்த்தை இன்னும் வரல" என்றார். "வரட்டும். ஆளு இங்கதான இருக்கறாரு."